உள்ளே இருப்பவர்களின் பட்டியல்

கல்யாணமாகி மூன்றாம் வாரமே நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். மனைவி குருவிட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலேயே தங்கினாள். அங்கே பிள்ளைக் காம்பராவுக்கு அவள்தான் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தப் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் வேலை முடிந்து கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். மழை பிடித்தால் அதுவும் இல்லை. இரத்தினபுரிப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பல தோட்டங்கள் பாவிக்கும் ஒரு மென்பொருளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் கன்சோலைத் திறந்தால் எந்த சர்வர் ஓடுகிறது, எது திணறுகிறது, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரே திரையில் தெரியும். பிள்ளைகளின் எடையும் தடுப்பூசியும் அதில்தான் பதிவாகும். ஒன்பது மணிக்கெல்லாம் அவளுடைய பயனர் எண் பட்டியலில் வந்துவிடும். தோட்டத்து இணைப்பில் அந்த மென்பொருளைத் தவிர வேறெதுவும் திறக்காது. ஒரு வரி எழுதி அனுப்பவும் வழியில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு புதன்கிழமை மதியம் இரண்டாம் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டி வந்தது. புதிதாக வருபவர்களை மற்ற சர்வர்களுக்குத் திருப்பிவிட்டு, உள்ளே இருந்தவர்கள் வெளியேறக் காத்திருந்தேன். பதினொரு பேர், ஆறு பேர், கடைசியில் ஒருவர். அவள். நிறுத்தினால் அவள் தட்டிக்கொண்டிருப்பது அழிந்துபோகும்.

"மொகத மல்லி பலாகென இன்னே?" என்றார் மேலாளர். என்ன தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று. ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று சிங்களத்திலேயே சொன்னேன். கால் மணி நேரம் கழித்து அவர் மறுபடி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அன்று மாலை அவள் அழைத்தாள்.

"திடீர்னு வெளிய தள்ளிருச்சுங்க. பன்னெண்டு புள்ளைங்க எடைய திரும்ப அடிச்சேன்."

"நான்தான் நிறுத்துனேன்."

"நான் உள்ள இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெனமும் தெரியும். என்ன செய்றன்னு தெரியாது. இருக்கன்னு மட்டும்தான்."

"முன்னாடியே சொல்லிருக்கலாம்ல," என்றாள். "வேல முடிஞ்சதும் பட்டுன்னு மூடிட்டுப் போயிருக்க மாட்டேனே."

மறுநாளிலிருந்து, தாய்மார் குழந்தைகளை அழைத்துப்போன பிறகும் அவள் எண் நின்றது. சும்மா இருந்தால் மென்பொருள் வெளியேற்றிவிடும் என்பதால் இடையிடையே ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பாள். கடைசியாகத் தொட்ட நேரம் திரையில் மாறும்: ஐந்து பத்து, ஐந்து பதினெட்டு. அதைப் பார்த்துக்கொண்டே நான் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் உண்டு.

இரண்டு வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு அவள் என்னிடம் வந்தாள். அவளுடைய எண்ணை நானே நீக்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஆனாலும் முதல் மாதம் முழுக்க, தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவரும் நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"பல்லு மொளைக்கிற புள்ள ஒண்ணு இருந்துச்சி," என்றாள் ஒருநாள். "இந்நேரம் மொளைச்சிருக்கும்."