ரத்மிலாவின் காலிக் குவளை

எங்கள் துப்பாக்கி கிளப்பின் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வெற்றிக் கோப்பைகள் கிடையாது. அவற்றை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூந்தொட்டி ஆக்கிவிடுகிறார்கள். அலமாரியில் இருப்பவை பேர் ஒட்டிய சின்னக் கண்ணாடிக் குவளைகள். ஒருவர் கையால் அடைத்த தோட்டா, சுடும்போது வெடிக்காமல் 'டிக்' என்று நின்றுபோனால், அந்த ஊமைத் தோட்டா அடைத்தவரின் குவளைக்குள் போகும். வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்து, அதிகம் சேர்த்தவர் கிளப்புக்கே முட்டைக்கோஸ் சூப் வைத்துப் போட வேண்டும். காமில் மூன்று வருடமாகத் தொடர்ந்து சூப் வைக்கிறான்.

ரத்மிலாவின் குவளை ஒன்பது வருடமாகக் காலி. தூசு படிகிறதே என்று அவரே எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

ரத்மிலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. செக் நாட்டின் ஓலோமொட்ஸ் நகரில் டிராம் ஓட்டுகிறார். இருபத்தேழு வருடத்தில் ஒரு புறா மேல்கூட ஏற்றியதில்லை என்பார். வாரக் கடைசியில் எங்களோடு சுடுகிறார். ஓடிக்கொண்டே, குனிந்துகொண்டே, கதவிடுக்கு வழியாகக் காகிதக் குறிகளைச் சுடும் போட்டி. நான் சுடுவதில்லை. பதினோரு வருடமாக நேரமும் புள்ளியும் குறித்துக் கொடுப்பவன். கையில் துப்பாக்கி இருந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும் என்று கிளப்புக்கே தெரியும். ஒன்றாக உட்கார்ந்து ஒரு சின்னக் கிளாஸ் ஸ்லிவோவிட்ஸ், அதாவது பிளம் சாராயம், குடித்துவிட்டால் அப்புறம் இங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். எனக்கு மட்டும் ரத்மிலா இன்னும் 'நீங்கள்'. அதற்கும் கேலி உண்டு.

அவருடைய துப்பாக்கி, ஸ்பினெக் என்பவர் அவர் கைக்கென்றே செய்து கொடுத்தது. பிடியை உள்ளங்கை அளவுக்கு இழைத்து, விசையைச் சுண்டினால் போதும் என்கிற அளவுக்கு லேசாக்கி, எட்டு மாதம் உட்கார்ந்து செய்தார். அதற்கான தோட்டாக்களை ரத்மிலாவே அடைப்பார். அவருக்கு மட்டுமல்ல, காமிலோடு சேர்த்து அணியின் நான்கு பேருக்கும். தோட்டாவின் அடியில் சட்டைப் பித்தான் போல ஒன்று இருக்கும், பிரைமர். சுத்தியல் ஊசியை அடிக்க, ஊசி பிரைமரைக் குத்த, பிரைமர் பற்றிக்கொண்டு உள்ளே உள்ள மருந்தைக் கொளுத்தும். அந்தப் பிரைமரைக் கையால் அழுத்தித்தான் ரத்மிலா பொருத்துவார். அது முழுசாக உட்கார்ந்ததா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும்.

போன நவம்பரில் அவருக்கு வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. மார்ச் நடுவில் திரும்பி வந்தார். ஏப்ரல் முதல் இரண்டு ஞாயிறுகளிலும் வாரத்துக்கொன்றாக அவர் குவளையில் ஊமைத் தோட்டா விழுந்தது.

காமிலுக்குத் தாங்கவில்லை. ரத்மிலாவை அவன் செல்லமாக ராத்கா என்பான். "ராத்கா, சட்டி பெருசா இருக்கா? இல்லேன்னா என்னோடத எடுத்துக்கோ. முட்டைக்கோஸ நானே நறுக்கித் தரேன், எனக்குப் பழக்கம்தான்."

"வாய மூடு. கூரைக்காரன் கூரையப் பார்" என்றார் ரத்மிலா. காமில் ஓடு மாற்றும் தொழில் செய்பவன்.

மூன்றாவது ஞாயிறும் 'டிக்'. இந்த முறை காமில் சும்மா இருக்காமல், "அதையே இன்னொரு அடி அடிச்சுப் பாரேன்" என்றான். ரத்மிலா அரை நிமிடம் குழாயைக் குறிப்பக்கம் பிடித்துக் காத்திருந்துவிட்டு, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து மறுபடி விசையைச் சுண்டினார். வெடித்தது.

யாரும் சிரிக்கவில்லை. காமில்கூட. இரண்டாவது அடிக்கு வெடித்தால் அதற்கு எங்கள் கிளப்பில் ஒரே பொருள்தான்: பிரைமர் முழுசாக உட்காரவில்லை, முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோனது. அதாவது, அடைத்தவரின் கை சரியில்லை.

அடுத்த சனிக்கிழமை பிராந்தியப் போட்டி. அதற்காக அவர் அடைத்த அறுநூறு தோட்டா ஆறு டப்பாக்களில் தயாராக இருந்தது.

புதன்கிழமை அவருடைய டிராமிலேயே ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். வளையத்தில் திரும்பி நிற்கும்போது அவருக்கு ஒன்பது நிமிடம் ஓய்வு. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"தங்கம், ஒண்ணு சொல்றேன், காமில் காதுல போடாத. இந்தக் கட்டைவிரலும் இந்த ரெண்டும் இன்னும் முழுசா முழிக்கல."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வரும்ங்கறார். கையுறைக்கு மேலேயே உப்பா சர்க்கரையான்னு சொன்னவ நான். இப்ப பிரைமர அழுத்தறேன், உக்காந்துடுச்சுன்னு நெனைக்கறேன். நெனைக்கறேன்தான். தெரியல."

"அதனால என்னங்க? கடைத் தோட்டா வாங்கிக்கலாம். அடைக்கற வேலைய வேற யாராச்சும் பாக்கட்டும்."

அவர் மணியின் பித்தானை, டிராம் ஓட்டுபவர்கள் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அழுத்தும் அந்தப் பித்தானைத் தொட்டுக் காட்டினார். "ஜூன்ல எனக்கு மருத்துவப் பரிசோதனை. இந்த விரல் பிரைமர ஏமாத்துதுன்னா, இத ஏமாத்தாதா? நாலு வருஷம் இருக்கு ஓய்வுக்கு. அதுவரைக்கும் டிப்போவுல உக்காந்து சாவி எண்ணச் சொல்வாங்க. தோட்டா கெடக்குது, தங்கம்."

அன்றிலிருந்து அந்தக் கவலையில் பாதி எனக்கு. வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்ப்பதற்கு நடுவே ரத்மிலாவின் கட்டைவிரலையும் நினைத்துக்கொண்டேன்.

வியாழன் மதியம் ஸ்பினெக் தன் கருவிப் பெட்டியோடு கிளப்புக்கு வந்தார். வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"முன்னாடியே சொல்லிடறேன். துப்பாக்கியில ஒண்ணும் கெடையாது."

"பாக்காமலே?" என்றான் காமில். ஒரு கையில் கசகசா பூரணம் வைத்த பன், இன்னொரு கையில் காபி.

"நான் செஞ்சது."

"இவளோட தோட்டா என் துப்பாக்கியில ஒண்ணுகூட நிக்கலையே."

"உன்னோடது கழுதைடா. அது எதையும் மெல்லும். சுத்தியல் வில் சுருளு லாரி சுருள் மாதிரி. இவ விசை லேசா வேணும்னு கேட்டா, அதனால அடியும் அளவான அடி. பிரைமர் சரியா உக்காந்தா அந்த அடி போதும். உக்காரலேன்னா துப்பாக்கி என்ன பண்ணும்?"

ரத்மிலா டப்பாக்களை மேசைமேல் வைத்தார்.

ஸ்பினெக் சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் படுக்கப் போட்டார். "பிரைமர் முழுசா உக்காரலேன்னா துளி துருத்தும். துருத்தினா, கண்ணாடி மேல நிக்க வச்சா ஆடும்." ஐம்பது தோட்டாவை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தி நகத்தால் தட்டினார். ஒன்றும் ஆடவில்லை.

"போதும்" என்றார்.

"போதாது. எல்லாத்தையும் நிறுத்து" என்றார் ரத்மிலா.

"அறுநூறையுமா?"

"அறுநூறையும்."

நிறுத்தினோம். காமில் பன்னை வாயில் கவ்விக்கொண்டு நிறுத்தினான். நான் தொட பயந்து டப்பாக்களை மட்டும் திறந்து கொடுத்தேன். நானூறைத் தாண்டியபோது ஒன்று ஆடியது. ஸ்பினெக் தட்டினார், மறுபடி ஆடியது. ரத்மிலா வலது கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஸ்பினெக் தோட்டாவைத் தூக்கி அடியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு மேசைக் கண்ணாடியை விரலால் தடவி, விரலைக் காமிலின் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"இது என்னது?"

கசகசா. ஒரே ஒரு கசகசா.

"தின்னாம இருக்க மாட்டியா, தடியா!" ரத்மிலா போட்ட சத்தத்தில் வெளியே சுடுவதற்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு அந்தத் தோட்டாவைத் தானே வாங்கிச் சுத்தமான இடத்தில் நிறுத்தித் தட்டினார். ஆடவில்லை. மீதியையும் நிறுத்தினோம். அறுநூறும் சிப்பாய்கள்போல நின்றன.

"அப்ப கை இல்ல" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"கைக்கு என்ன?" என்று காமில் கேட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றார் ரத்மிலா. பிறகு என்ன தோன்றியதோ, அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: விரல், ஜூன் மாதம், சாவி எண்ணும் வேலை. காமில் பன்னைக் கீழே வைத்தான். "சொல்லித் தொலைச்சிருக்கலாமே ராத்கா. நான் பாட்டுக்குச் சட்டி, முட்டைக்கோசுன்னு..."

ஸ்பினெக்கின் பாடுதான் இப்போது திண்டாட்டம். "கடைத் தோட்டா போட்டுச் சுட்டுக் காட்டறேன்" என்று முப்பது எடுத்துக்கொண்டு சுடும் திடலுக்குப் போனார். பன்னிரண்டாவது 'டிக்'. இருபத்தாறாவது 'டிக்'. திரும்பி வரும்போது வாசலிலேயே, "சரி, துப்பாக்கிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் முதல் தடவை கேட்டேன்.

மேசையில் பிரித்துப் போட்டார். சுத்தியல் வில்லை அளந்தார், தளரவில்லை. ஊசி போகும் துவாரத்தில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார், அழுக்கில்லை. ஊசியின் முனை மழுங்கவில்லை. "எட்டு மாசம் உக்காந்து செஞ்ச துப்பாக்கி. போன இலையுதிர் காலத்துல ஒரு குத்தமும் இல்ல. அப்புறம் எத்தன சுட்டே?"

"தொள்ளாயிரம்தான். மார்ச் வரைக்கும் சுடவே கூடாதுன்னாரே டாக்டர்."

காமில் சிரித்தான். "தொள்ளாயிரமா? அவ சமையலறைக் கடிகாரத்தக் கேளு. குளிர்காலம் பூரா தினம் செத்து தினம் பொழைச்சிருக்கு."

ஸ்பினெக்கின் கை நின்றது. "தோட்டா போடாம வெறுமனே விசைய இழுத்தியா?"

"பழக்கம் விட்டுப்போகக் கூடாதில்ல? கடிகாரத்தக் குறி பாத்துப் பத்து தடவை இழுத்தா எண்ணிக்கைக்கு ஒரு பீன்ஸ். இந்த ஜாடியிலேர்ந்து அந்த ஜாடிக்கு. விரலுக்கும் பயிற்சி, பொடிசா எதையாச்சும் பொறுக்குன்னு டாக்டரே சொன்னார்."

"எத்தன பீன்ஸ்?"

"ரெண்டாயிரத்து இருநூறு இருக்கும்."

ஸ்பினெக் மனதில் பெருக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "உள்ளே பொம்மைத் தோட்டா வச்சுத்தானே? நான் குடுத்தேனே, மஞ்சள் பிளாஸ்டிக்ல?"

"என் சமையலறையிலயா?" ரத்மிலா நிமிர்ந்தார். "தோட்டா மாதிரி இருக்கற எதுவும் அங்க வரக் கூடாது. பிளாஸ்டிக்கா இருந்தாலும் சரி. ஒரு நாள் நெஜத்தையும் பொம்மையையும் மாத்தி எடுத்துட்டா? மஞ்சளு டிப்போ லாக்கர்ல பத்திரமா இருக்கு."

ஸ்பினெக் சின்ன உளியையும் சுத்தியையும் எடுத்தார். ஊசி அளவுக்கு மீறி முன்னால் பாயாமல் தடுக்க, குறுக்கே சுருட்டிய தகட்டாலான ஓர் ஆணி உண்டு. உள்ளே தோட்டா இருந்தால் ஊசியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். பொம்மை இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். ஒன்றுமே இல்லாவிட்டால் மொத்த அடியும் அந்த ஆணி மேல்தான். இருபத்திரண்டாயிரம் அடி. தட்டி வெளியே எடுத்தபோது அது நடுவில் நசுங்கி, இடுப்பு சிறுத்துக் கிடந்தது. அந்த நசுங்கலின் பிசிறு ஊசியைப் பக்கவாட்டில் உரசிப் பிடித்திருக்கிறது. சிலசமயம் விட்டது, சிலசமயம் பிடித்தது. விட்டபோது வெடி, பிடித்தபோது 'டிக்'.

"பாத்தியா? ஜாக்கிரதையினாலேயே ஒடைச்சிருக்கா" என்றார் ஸ்பினெக். கோபமாகச் சொல்ல நினைத்தார், சிரிப்பு வந்துவிட்டது. ரத்மிலா அந்த ஆணியை வாங்கி வலது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார்.

"இந்த எடத்துல பள்ளம்" என்றார். "தெரியுது."

புதிய ஆணி போட ஐந்து நிமிடம் ஆனது. பழைய வில், பழைய ஊசி, அவர் முன்பு அடைத்ததில் மிஞ்சிய தோட்டா. ஐம்பது சுட்டார். ஐம்பதும் வெடித்தன. ஐம்பதாவதுக்குப் பிறகுதான் நான் மூச்சை விட்டேன் என்று காமில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சனிக்கிழமைப் போட்டியில் ரத்மிலா சுட்டது நூற்று நாற்பத்தெட்டு குண்டுகள். நான்தான் குறித்தேன், ஒன்றும் நிற்கவில்லை. அணி நான்காவதாக வந்தது. மூன்றாவது வராததற்குக் காரணம் காமில் ஒரு குறியை முழுசாக மறந்துவிட்டு ஓடியது, அதைப் பற்றி அவன் பேச விரும்புவதில்லை. ஜூன் மாதப் பரிசோதனையில் டாக்டர் ரத்மிலாவின் கண்ணைக் கட்டி விரலில் ஊசிமுனையையும் பஞ்சையும் மாற்றி மாற்றி வைத்தாராம். ஒன்றுகூடத் தவறவில்லை. தொடர்ந்து டிராம் ஓட்டலாம் என்று கையெழுத்து ஆயிற்று.

மிச்சம் இருந்தது குவளை வழக்கு. அதிலிருந்த இரண்டு ஊமைகளையும் ஸ்பினெக்கின் பேருக்கு மாற்ற வேண்டும் என்று காமில் வாதாடினான். "ஆணிய நசுக்கினது நானா?" என்று ஸ்பினெக் கத்தினார். ரத்மிலா அலமாரியைத் திறந்து, குவளையைக் காலி செய்து, வழக்கம்போலக் கழுவிக் கவிழ்த்தார். "சண்டை வேணாம். சூப் நானே வைக்கறேன். ஆனா முட்டைக்கோஸ் கெடையாது."

அந்த ஞாயிறு பெரிய சட்டியில் பீன்ஸ் சூப் வந்தது. இரண்டு ஜாடியும் காலி. புகையிட்ட இறைச்சியும் பூண்டும் போட்டிருந்தார். காமில் கரண்டியைத் தூக்கி உள்ளே எண்ணினான். "இருபத்தஞ்சு பீன்ஸ். இருநூத்தம்பது தடவை கடிகாரம் செத்திருக்கு, இந்த ஒரு கரண்டியில."

"தின்னு, தின்னு" என்றார் ரத்மிலா. "இனிமே கடிகாரம் தப்பிச்சுது. பயிற்சிய குளியலறைக்கு மாத்திட்டேன். மஞ்சள் பொம்மைக்கு அங்க அனுமதி உண்டு. குறி ஷாம்பு பாட்டில்."

"எண்ணறதுக்கு?" என்று கேட்டேன்.

"சோளம்" என்றார். "நீயும் இன்னொரு கரண்டி போட்டுக்கோ, தங்கம். முகம் இப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு."