தொட்டியில் சிவந்த வாதுமை

காலையில் கடை வாசலில் சோடா பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்குப் பால் ஊற்றப் போன பால்காரர் செம்பை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, "ரங்கூன் அண்ணாத்த பூட்டாருபா" என்றார். "எங்க, மறுபடியும் ரங்கூனுக்கா?" என்று வழக்கம்போல் என் வாய் முந்திக்கொண்டது. அவர் சிரிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். தூங்குகிறவர் மாதிரிதான் கிடந்தார். கூப்பிட்டால் எழுந்து திட்டுவார் என்று இரண்டு தரம் கூப்பிட்டும் பார்த்தேன்.

வடிவேலு என்ற அவர் பெயர் இங்கே கூடியிருக்கிற நம் தெருக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. யுத்தத்தின்போது மனைவி அலமேலு அண்ணியோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறி வந்து, செங்கல்பட்டு அரிசி மில்லில் சாக்கு தைத்துப் பிழைத்தவர். ரங்கூனில் ஒரு சீன வியாபாரியின் வீட்டில் தோட்ட வேலை. அங்கே முழ உயர மரங்களைத் தட்டுகளில் வளர்ப்பார்களாம். "பொங்கப் பானைக்குள்ள ஆலமரமா? அளக்காதே அண்ணாத்த" என்று நான் வம்புக்கு இழுக்காத நாள் கிடையாது.

கப்பலில் வந்த அந்தக் குழந்தை, அவர் மகள் பூங்காவனம், வளர்ந்த பிறகு மகாபலிபுரம் கடற்கரையில் பொறுக்கி வந்த ஒரு வாதுமைக் கொட்டையை விரிசல் விட்ட தொட்டி ஒன்றில் புதைத்தாள். அது முளைவிட்ட வருஷமே காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அந்தச் செடியைத்தான் அண்ணாத்த மரமாக்கினார். வேரை நறுக்கி, கிளையைக் கம்பியால் வளைத்து, பூங்காவனத்தின் இடுப்பு உயரத்தைத் தாண்டாமல் வைத்திருந்தார். தையல் இலை அளவு வரவேண்டிய இலை, வெற்றிலை அளவுக்கு வந்தது. அண்ணி அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

நயா பைசா வந்த வருஷம், மார்கழியில் அதைச் சிவக்க வைக்கப் போகிறேன் என்று என்னிடம் சொன்னார். அதுவரை தாழ்வார நிழலில் இருந்ததால் ஒன்றிரண்டு இலை பழுத்து விழுமே தவிர, மரம் எப்போதும் பச்சைதான். முற்றத்தில் வெயிலிலும் பனியிலும் தொட்டியை வைத்து, தண்ணீரைக் குறைத்தார். இலைகள் ஓரத்தில் தொடங்கி நடு நரம்பு வரை குங்குமமாகின. "இன்னா அண்ணாத்த, மரத்துக்கு வெத்தல பாக்கு போட்டுவுட்டியா?" என்றேன். "டேய், இல செவக்கறது சாவறதுக்கு இல்லடா, படுத்துத் தூங்கறதுக்கு" என்றார்.

பிறகு எல்லா இலையும் கொட்டிவிட்டது. மதுராந்தகத்துக்குப் பொங்கல் நெல் வாங்கப் போவதற்கு முன், என்னை அழைத்துப் பட்டையை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை. "அண்ணிகிட்ட சொன்னியா?" என்றேன். "தளிர் வுடட்டும், அவளே பாக்கட்டும்" என்றார்.

போகி விடியலில் நெல் மூட்டையோடு வந்து இறங்கினார். தெருவில் கிழிந்த பாய்களும் துடைப்பங்களும் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் அந்த மரம். பச்சை மரமாதலால் எரியாமல் புகைந்தது. அண்ணி ஓடி வந்தார்.

"செத்துப்போச்சுய்யா. வெறுங்குச்சியாப் பூடுச்சு. நீ வந்து பாத்து ஒடைஞ்சி பூடக்கூடாதுன்னு நானே போட்டுட்டேன். அவ போனப்ப நீ பட்டதே போதும்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணாத்த என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மூட்டையை இறக்கிவிட்டு, "நல்லதுதான் பண்ண அலமேலு. நானும் பாத்தேன், அது செத்து ரொம்ப நாளாச்சு" என்றார். அண்ணியின் பக்கத்தில் குந்தி நெருப்பில் கையைக் காட்டினார். கண்ணில் நீர் வந்தபோது, "பொகை கரிக்குது" என்றார்.

மறு வருஷம் தை மாதம், அண்ணியின் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்காக மகாபலிபுரம் போனோம். கடற்கரையில் வாதுமை மரங்கள் மொட்டையாக நின்றன, மணலெல்லாம் சிவப்பு இலை. "எல்லாம் செத்துப் பூட்ச்சா?" என்றார் அண்ணி. மீன் கூடையோடு போன ஒருத்தி சிரித்தாள். "சாவறதா? வருசா வருசம் இப்டிதாம்மா. மாசியில தளிர் வுட்டுடும்."

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ நம்மளுது?"

"நம்மளுது வேற" என்றார் அண்ணாத்த. "வேரு அழுகிப் பூட்ச்சு. நீ தூங்கினப்பறம் நான்தான் தண்ணி ஊத்தி ஊத்திக் கெடுத்தேன். உங்கிட்ட சொல்ல பயந்துகினு இருந்தேன்."

"ஆமா அண்ணி, கொடம் கொடமா ஊத்துவாரு. மரமா அது, எருமையா?" என்றேன் நான்.

அண்ணிக்கு மூச்சு வந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை பஸ்ஸில் அவரை விடாமல் திட்டினார். அண்ணாத்த மாலை வாங்கிக்கொள்பவர்போலத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இந்தத் தெருவுக்கே அவர் தண்ணி ஊற்றி மரத்தைக் கொன்ற மனிதர். நீங்களும் கேலி செய்திருப்பீர்கள். ஒருநாளும் மறுத்ததில்லை.

போன ஆடியில் அண்ணி படுத்த படுக்கையாகிக் கண்மூடிய அன்று நான் அருகில் இருந்தேன். "அடுத்த சென்மத்துலயாவது அளவா ஊத்துய்யா" என்றார் அண்ணி. அண்ணாத்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி அலமேலு, அளவா ஊத்தறேன்" என்றார்.

என் வாயில் எந்தப் பேச்சும் தங்காது என்பது ஊருக்கே தெரியும். இது மட்டும் தங்கியது. நோகக்கூடியவர் இப்போது யாரும் இல்லாததால் சொல்லிவிட்டேன். அவர் வீட்டிலிருந்து யார் எதை எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த "சரி அலமேலு" எனக்கு.