ஒன்பதா, பதினொன்றா

1996 டிசம்பர் 3, காலை ஆறு மணி நாற்பது நிமிடம், சன்னத் தூறல். திண்டிவனம் கிளைச் சிறையில் என்னை அடித்தார்கள். ஒலக்கூருக்குப் பேருந்து கேட்டு மறியல் செய்து உள்ளே போனவன் நான், கணக்கு ஆசிரியர். கஞ்சிக்கு நாற்பத்திரண்டு பேர் நிற்கிறோம், வந்திருப்பது முப்பத்தாறு பேருக்குத்தான் என்று வார்டரிடம் சொன்னேன்.

"எண்ணிக்கினா இருக்கே வாத்யாரே? இதையும் எண்ணு" என்று லத்தியை எடுத்தார்.

எண்ணினேன். பதினொன்று.

இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'குளியலறையில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதினார்கள். அந்தச் சிறையில் குளியலறையே கிடையாது. பள்ளிக்குத் திரும்பினால், பிள்ளைகள் என்னை 'வழுக்கு வாத்தியார்' ஆக்கியிருந்தார்கள். அந்தப் பெயரை அழிக்கத்தான் விழுப்புரம் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டேன்.

எண்பத்தேழு வாய்தாவுக்குப் பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் கேட்டார்: "அடி வாங்குறவன் எவனாவது எண்ணிக்கினு இருப்பானா?"

"பன்னிரண்டாவது சுவரில் பட்டது. அதைச் சேர்க்கவில்லை" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. "நம்ம கேஸை நீங்களே பொதைச்சிட்டீங்க சார்" என்றார் என் வக்கீல்.

அடுத்த வாய்தாவில் வார்டர் வந்தார். ஓய்வு பெற்று, தலை நரைத்திருந்தது. "நான் தொடவே இல்லீங்கய்யா. அவரா வழுக்கினாரு" என்றார். என் வக்கீல் வேறு கேள்வி தோன்றாமல், "பதினோரு அடி அடிச்சீங்களே?" என்றார்.

வார்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பதினொண்ணா? அநியாயத்துக்குச் சொல்றாருங்கய்யா! எங்க ஜெயில்ல எப்பவும் ஒம்போதுதான்!"

நீதிபதி எழுதத் தொடங்கினார்.

நான் வழுக்கி விழவில்லை, அடிபட்டேன் என்று தீர்ப்பு வந்தது. அடிக்கு ஆயிரம்; எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட கணக்குப்படி ஒன்பதாயிரம். விட்டுப்போன இரண்டு அடிக்கு மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். வக்கீல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பேஜாரு பண்ணாதீங்க சார். ஊட்டுக்குப் போங்க."

வாசல் டீக்கடையில் வார்டர் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க சார், ஒம்போதுதான்" என்றார். பதினொன்று என்றேன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. டீக்கு நான்தான் கொடுத்தேன்.

வக்கீல் பீஸ், நகல், பஸ், அந்த இரண்டு டீ எல்லாம் கூட்டி, வந்த ஒன்பதாயிரத்தைக் கழித்தால், நான் வழுக்கி விழவில்லை என்பதற்கு எனக்கு ஆன செலவு முப்பத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய்.