சுவரில் அம்மாவின் முகம்

குருக்கள்மடத்து நல்லரத்தினம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். ஆசைக்கு வரைந்ததெல்லாம் சரித்திரம்தான். ஒல்லாந்தர் கோட்டை பிடித்ததையும், சண்டைக் காலத்தில் சனம் தோணியேறி வாவியைக் கடந்ததையும் சுவர் சுவராக வரைந்து வைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வலது கண்ணைப் பறித்தது. இடதும் ஒரு வருசம் தாங்காது என்றார் டொக்டர்.

அந்தக் கிழமையே பொதுமண்டபச் சுவரில் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியை வரையத் தொடங்கினார். சனம் வந்து தங்கள் செத்தவர்களின் அடையாளம் சொல்ல, ஒன்பது பேரை வரைந்துவிட்டார். இடிந்த வீட்டுக்குள் கிடக்கும் தன் அம்மாவுக்குத்தான் முகம் வரவில்லை. படம் ஒன்றும் மிஞ்சவில்லை. சூறாவளி அடித்தபோது அவருக்குப் பதினொரு வயது. வரைவதும் சுரண்டுவதுமாக ஒரு மாதம் போனது.

சித்தாண்டியில் இருக்கும் அக்கா அன்னப்பூரணியை வரச் சொன்னார்.

"அக்கா, அம்மாட மூக்கு எப்பிடி? கண் எப்பிடி? கெதியாச் சொல்லு. எனக்குப் பார்வை போகுது."

அவள் சுவரில் வரைந்திருந்த இடிந்த வீட்டைத் தொட்டாள்.

"அம்மா வீட்டுக்குள்ள சாகல்லடா."

"மறுகா? பின்ன எங்க?"

"உன்னக் காணல்லெண்டு றோட்டால தேடிப் போனவ. தென்னமரம் விழுந்தது. உனக்குச் சொல்லவேணாமெண்டு அப்பா சத்தியம் வாங்கினவர்."

அம்மா கூப்பிடக் கூப்பிடக் கேளாமல் காற்றைப் பார்க்கக் கோயிலடிக்கு ஓடியது அவருக்கு நினைவிருந்தது. நாற்பத்தேழு வருசமாக இடிந்த சுவரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் அவர் சோறு தின்னவில்லை. நாலாம் நாள் சுவரில் வரைந்த இடிந்த வீட்டை வெள்ளையடித்து மறைத்தார். றோட்டில், காற்றில், வாய் திறந்து கூப்பிட்டபடி போகும் ஒரு பெண்ணை வரைந்தார். கோடுகள் மங்கிக் கலங்கித் தெரிந்தன. சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து வரைந்தார். முடித்ததும் அக்காவை மறுபடி கூப்பிட்டார்.

"இது அம்மாவா?"

"ஓம்."

"உண்மையச் சொல்லு, அக்கா."

"எனக்கும் அம்மாட முகம் மறந்து போச்சுடா தம்பி. எப்பவோ மறந்து போச்சு."

இருவரும் சீமெந்துத் தரையில் இருந்து அழுதார்கள். வெளியே, அக்கா திரும்பிப் போக ஏற வேண்டிய மட்டக்களப்பு பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அக்கா எழும்பவில்லை.