சட்டி நிறைய தண்ணீர்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதால், யாரிடமும் எதையும் கேட்கவும் பயம், சிரிப்பார்களோ என்று.

கோவளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முதல்முறையாக நாலு கோழி வாங்கி விட்டேன். எறும்பு ஏறாமல் தீனித் தட்டைக் கயிற்றில் தொங்கவிட்டேன். தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவி போர் தண்ணீர் நிரப்பினேன். ஆனாலும் கோழிகள் கழிச்சல் கண்டு சோர்ந்துபோயின. செத்துவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, மதில் தாண்டிப் போன என் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாமே, எங்க கொடத்துல தலைய வுட்டு குடிச்சிகினு கீது. தண்ணியே வெக்க மாட்டியா?"

"சட்டி நெறைய வெச்சிருக்கேன்க்கா."

அக்கா எங்கள் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு உடனே துப்பினார். "ஒரே உப்பு! இத நீ குடிப்பியா?"

நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். சிரிப்பார் என்று தலைகுனிந்து நின்றேன். அவரோ தன் வீட்டுக் குடத்தையே தூக்கி வந்து சட்டியில் ஊற்றினார். நாலு கோழியும் ஓடி வந்து குனிந்து குனிந்து குடித்தன. அன்றிலிருந்து அவற்றுக்கும் கேன் தண்ணீரே வைத்தேன்; மெல்லத் தேறிவிட்டன.

என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் பயம் வந்தால், மதில்மேல் எட்டி அக்காவைக் கூப்பிட்டுவிடுகிறேன்.