படத்தின் கீழே வெட்டிய வரி

யாரோ ஒருவரின் படத்தைக் கொடுத்து, “இவர்தான் உன் அம்மப்பா” என்று என் மருமகளிடம் பொய் சொன்னவன் நான்.

மருமகள் ஒல்லாந்துக்காரி. நாங்கள் குடியிருக்கும் ஊஸ்டர் நகரில் எங்களோடு பழகித் தமிழ் கதைப்பவள். மீனவரான அவளுடைய அம்மப்பா கடலில் இறந்தபோது அவள் தாய் பிறந்திருக்கவில்லை. தகப்பனின் முகத்தைத் தாய் படத்தில்கூடக் கண்டதில்லை. ஒல்லாந்தின் பழைய படங்களை இணையத்தில் வைத்திருக்கும் காப்பகமொன்றில் தேடித் தருகிறேன் என்றேன். மகனின் கல்யாணத்துக்கு வீம்பாகப் போகாமல் இருந்ததை அப்படியாவது ஈடு செய்ய நினைத்தேன்.

அதே பெயர், அதே துறைமுகம். ஒரு படம் கிடைத்தது. ஆனால் கீழே குறித்திருந்த ஆண்டில் அம்மப்பா உயிரோடு இல்லை. பாட்டனின் பெயரைப் பேரன்மாருக்கு வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அது தெரிந்தும் அந்த வரியை வெட்டிவிட்டு, படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். தாய் வரும்போது காட்டவென்று அவள் அதைக் கூடத்தில் மாட்டினாள்.

“அம்மா நாளைக்கு வாறா, மாமா. அழப்போறா” என்றாள் ஒருநாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

“கிடைக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே, மாமா!”

படத்தைக் கழற்றினாள். மறுநாள் அவளுடைய தாயிடம் நானே மன்னிப்புக் கேட்டேன். என் தமிழை மருமகள்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பிறகு பல வாரங்கள் அவள் என்னோடு கதைக்கவில்லை.

இப்போது ஞாயிறுகளில் இருவருமாகத் தேடுகிறோம். அம்மப்பா இன்னும் கிடைக்கவில்லை. ஏதாவதொரு முகத்தைக் கண்டு நான் பரபரத்தால், திரையில் அந்த முகத்தைக் கையால் மூடுவாள்.

“முதல்லை கீழை வாசியுங்கோ, மாமா.”

வாசிக்கிறேன்.