மாமாவுக்கு ஒரு ஷார்ட் நோட்டீஸ்

என் அண்ணனுக்கு நேரம் இல்லாமல் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் அவர் சீஃப் கிளார்க் ஆன பிறகு. அதற்கு முன்பு அவரிடம் நேரம் கொட்டிக் கிடந்தது. பதவி கொடுத்த கையோடு பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆங்கில வகுப்புக்கும் அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் சொற்கள் ஜோடியாகத்தான் வாழுமாம். ஸ்கெடியூல் என்றால் பக்கத்தில் டைட் நிற்க வேண்டும். வீக் என்றால் ஹெக்டிக். எங்கேஜ்மெண்ட் என்றால் ப்ரையர். எனக்கு ஜோடி தேட மறந்துவிட்டு, இந்தச் சொற்களுக்கெல்லாம் அவர் கல்யாணம் செய்து வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா காலமான பிறகு கிள்ளானில் அம்மாவும் நானும்தான். "இந்த வாரம் ஹெக்டிக் வீக்மா" என்று அண்ணன் போனில் சொல்வார். மகன் வராததைக்கூட அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வாள்.

ஒருவழியாக எனக்கும் வரன் அமைந்தது. எங்கள் பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு வீடு தேடிப் போய் அழைத்தால்தான் அழைப்பு. அதிலும் முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. அவர் மாலை போட்டுத்தான் பெண் மேடை ஏற வேண்டும். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது, கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரே தம்பி.

அண்ணன் என்ன செய்தார்? தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு, அங்கே கணக்கு எழுதும் கிராணியிடம் தேதியைச் சொல்லி, "மாமாகிட்ட சொல்லிடுங்க, ஷார்ட் நோட்டீஸ், தப்பா நினைக்க வேணாம்" என்று வைத்துவிட்டார். உரத்துக்கு ஆர்டர் கொடுப்பது போல.

பதிலும் அதே கிராணி வழியாகவே வந்தது. மாமா வர மாட்டாராம். அம்மா அன்று சாப்பிடவில்லை. நான் அண்ணனைப் போனில் பிடித்தேன்.

"நேர்ல போய்க் கூப்பிட்டுட்டு வாங்கண்ணே. ஒரு நாள்தானே?"

"ஒரு நாளா? ஸ்கெடியூல் ரொம்ப டைட் லா. ஆபீஸ் பத்தி உனக்கு என்னா தெரியும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், கார்டு எல்லாம் வைத்துத் துணியால் மூடி பஸ் ஏறினேன். மிச்சத் தூரத்துக்குத் தோட்டத்து லோரி. கல்யாணப் பெண்ணே தன் கல்யாணத்துக்கு அழைக்கப் போன கூத்தை லோரிக்கார அண்ணன் தீவு முழுக்கச் சொல்லியிருப்பார். சொல்லட்டும்.

மாமா வாசலில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"உங்கண்ணன் எங்க?"

என்ன இருந்தாலும் அண்ணனை விட்டுக்கொடுக்க முடியுமா? டைட் ஸ்கெடியூல், ஹெக்டிக் வீக், ப்ரையர் எங்கேஜ்மெண்ட் என்று இருந்த ஜோடிகளையெல்லாம் இறக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் தமிழ்ல என்னா, சொல்லு?"

எனக்கு ஒன்றுதான் வந்தது.

"வர மனசில்ல மாமா."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். மாமா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று கிள்ளான் கோயில் மண்டபத்தில் மாமா என் முன்னால் நின்று, மாலையில் சிக்கியிருந்த சரிகை நூலை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் போடுங்க மாமா. மத்தியானம் எனக்கு மீட்டிங் இருக்கு."

உடன்பிறந்தவள் கல்யாணத்தன்று மீட்டிங்! மாமா மாலையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மறு கையை நீட்டினார்.

"அதைக் கழட்டி இங்க குடு."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இத்தனை பேர் முன்னால் சீஃப் கிளார்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் மாமா எனக்கு மாலை போட்டார்.

அன்று அண்ணன் பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டார். அம்மா தன் இலையில் கை வைக்காமல் அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.